தோப்புக்கரணமும் துறைமுகமும்: 32 வருடம் கழித்து ஒரு மன்னிப்பு



நீளமான பதிவு. வழக்கம்போல "சார் மறுபடியும் பாடம் ஆரம்பிச்சுட்டார்" என்று சிரித்துவிட்டு, டீ குடிக்கும் நேரத்தில் படியுங்கள். முடிந்தால் நின்றுகொண்டே படியுங்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் 1995 பத்தாம் வகுப்பு செட் ஒன்றுகூடினார்கள். என்னையும் அழைத்து மாலை போட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாணவர் என் எதிரில் வந்து நின்றார். தலையில் பாதி நரை. இரண்டு காதையும் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஐந்து தோப்புக்கரணம் போட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"ஞாபகம் இருக்கா சார்? நைன்த் பி. நூறு தோப்புக்கரணம். அன்னிக்கு நீங்க போடச் சொன்னீங்க. இப்ப டாக்டர் போடச் சொல்றாரு. அவரு ஃபீஸ் வேற வாங்குறாரு சார்."

நானும் சிரித்தேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் அவருக்கு ஆவண வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் கப்பல் கிளம்பும் நாட்களில் இரவு ஒன்பதுவரை நாற்காலிதான். சாப்பாடும் மேஜையிலேயே. ஒருநாள் இடது கால் மட்டும் வீங்கி, ஆடுசதை கல்லாக இறுகி வலித்திருக்கிறது. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்திருக்கிறார். மூன்றாம் நாள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது, காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது தெரிந்தது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இன்று இந்தக் கூட்டத்தில் அவர் இருந்திருக்க மாட்டார். வயது 46. இரண்டு பெண் பிள்ளைகள்.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், மணிக்கணக்காக அசையாமல் உட்கார்வது அதில் ஒன்று என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிகிச்சை முடிந்து கால் தேறிய பிறகு, "மணிக்கு ஒருமுறை எழுந்திரு, குதிகாலைத் தூக்கி இறக்கு, நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்கார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் இவர் தோப்புக்கரணம் என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் வேணாம் சார்" என்றார்.)

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அந்த நூறு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் வரலாற்று வாத்தியார் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உட்கார்வது, எழுவது என்ற இந்த இரண்டு சின்னச் செயலுக்குள் நம் வடசென்னையின் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்திலிருந்து தொடங்குவோம். கப்பல் கடலில் தள்ளி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் ஏற்றி வரும். கரைக்குச் சற்று முன்னால் படகு நின்றுவிடும். அங்கிருந்து மூட்டையும் வெள்ளைக்காரத் துரையும் நம் ஆட்களின் தோளில்தான் கரை ஏறினார்கள். 1861-ல் இரும்புப் பாலம் போட்டார்கள். பிறகு துறைமுகம் கட்டினார்கள். அது முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் புயல் வந்து சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டி, 1904 முதல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் வாயிலின் திசையையே மாற்றி அமைத்த பிறகுதான் நமக்கு உருப்படியான துறைமுகம் கிடைத்தது.

துறைமுகம் வந்தாலும் தோள் ஓய்வு பெறவில்லை. கிரேன் பொருளைக் கரையில் இறக்கும். கரையிலிருந்து கொட்டகைக்கும், கொட்டகையிலிருந்து லாரிக்கும் மனிதன்தான். என் அப்பாவும் அந்த வேலைதான் செய்தார். ஒரு கையில் கொக்கி, தலையில் சும்மாடு. மூட்டையை எடுக்கும்போது முதுகை வளைக்க மாட்டார். குந்துவார், மூட்டையை முதுகில் வாங்குவார், தொடை பலத்தில் எழுவார். "முதுகுல எழுந்தா முதுகு போயிடும், தொடையில எழுந்துக்கோ" என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே உடற்பயிற்சிப் பாடம். இன்று ஜிம்மில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் இதே பாடம்தான்.

வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து எழுகிறவர்கள் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் வடசென்னையில் இருந்ததை 2021-ல் வந்த படத்துக்குப் பிறகு எல்லோரும் தெரிந்துகொண்டீர்கள். நாங்கள் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த பெயர்கள் அவை. மாலையில் மணல் கொட்டிய சின்ன இடத்தில் தண்டாலும் பஸ்கியும் நடக்கும். தண்டால் தோளுக்கு, பஸ்கி காலுக்கு. வடக்கே பைட்டக் என்பதுதான் நம் பஸ்கி. குத்துச்சண்டையில் கை வேகம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குத்தின் வலு காலிலிருந்து கிளம்புகிறது என்பதை அந்த வாத்தியார்கள் அறிந்திருந்தார்கள். கருவி ஏதும் கிடையாது. சொந்த உடம்புதான் எடைக்கல்.

கோயில்களிலும் இதே அசைவுதான். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம். 'தோர்பி கர்ணம்', அதாவது கைகளால் காதைப் பிடிப்பது என்ற வடசொல் மருவி அப்படி ஆனது என்பார்கள். திருவொற்றியூர் கோயிலில் பாட்டிமார்கள் காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மசூதியில் தொழுகைக்கு ஒருநாளில் எத்தனை தரம் குனிந்து, நெற்றி தரையில் பட வணங்கி, மீண்டும் எழுகிறார்கள்! நம் ராயபுரம், காசிமேட்டுத் தேவாலயங்களில் முழந்தாளிட்டு எழுகிறார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், குந்தி அம்மி அரைத்தோம், குந்தி மீன் விற்றோம். காலுக்கு என்று தனியாகப் பயிற்சி வேண்டும் என்று சொல்லியிருந்தால் என் பாட்டி சிரித்திருப்பாள்.

அடுத்து தொழிற்சாலைகள் வந்தன. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். அதுவே பிறகு அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட். சங்கு ஊதினால் எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க சைக்கிள். உங்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்த சைக்கிள்களில்தான் போனார்கள்.

அந்த வேலையில் பிரச்சினை நிற்பது. எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நின்றுகொண்டே இருந்தால் கால் நரம்பு சுருண்டுகொள்ளும், பாதம் வீங்கும். அதனால்தான் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆம் பிரிவு என்று ஒன்றை வைத்தார்கள். நின்று வேலை செய்கிற தொழிலாளிக்கு, வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒரு ஸ்டூலுக்காகச் சட்டமா என்று பத்தாம் வகுப்பில் நீங்கள் கேட்டீர்கள். ஆம், ஒரு ஸ்டூலுக்காகச் சட்டம்.

கடைகளில் நிற்பவர்களுக்கு அந்த ஸ்டூல் கிடைக்க இன்னும் 73 வருடம் ஆனது. ஜவுளிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்களுக்காகக் கேரளம் 2018-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி மசோதா வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே 2021 செப்டம்பர் முதல் வாரத்தில்தான் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அலுவலக ஊழியர்களுக்காக 'ஒய் பிரேக்' என்ற செயலியை வெளியிட்டது. உட்கார்ந்தே இருக்கிறவர்கள் நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து யோகப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரே வாரத்தில் இங்கே "உட்காரவிடுங்கள்" என்று சட்டம், அங்கே "எழுந்திருங்கள்" என்று செயலி. முரண்பாடு போலத் தோன்றும். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: மனித உடம்பை ஒரே நிலையில் மணிக்கணக்காகக் கட்டிவைக்காதீர்கள்.

சரி, தோளில் மூட்டை சுமந்த அப்பாவின் மகனும் பேரனும் எப்படி நாற்காலிக்கு வந்தார்கள்? அதற்குக் காரணம் ஒரு இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அங்கே பிறந்தது. சென்னையில் 1983-ல் பாரதி டாக்கில் கன்டெய்னர் முனையம் வந்தது. நூறு பேர் நாள்கணக்கில் சுமந்ததைக் கிரேன் சில நிமிடங்களில் தூக்கியது. சுமக்கும் ஆட்கள் குறைந்தார்கள். பெட்டிக்கு ஒரு கட்டுக் காகிதம் என்ற கணக்கில் எழுதும் ஆட்கள் கூடினார்கள். ஷிப்பிங் பில், சுங்க ஆவணம், கிளியரிங் ஏஜென்ட், சரக்குப் பெட்டி நிலையம் என்று ராஜாஜி சாலையிலிருந்து மணலிவரை அலுவலகங்கள். அப்பா மூட்டை தூக்கிய அதே துறைமுகத்தில் மகன் விசைப்பலகை தட்டினான். குடும்பத்துக்கு அது முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கால் சும்மா இருக்கத் தொடங்கியது.

உட்கார்ந்தே செய்யும் வேலை உடம்பைக் கெடுக்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1700-ல் இத்தாலி மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தையற்காரர், செருப்புத் தைப்பவர் போல உட்கார்ந்தே உழைப்பவர்கள் விடுமுறை நாளிலாவது உடம்பை அசைக்க வேண்டும் என்றார். 1940-ல் லண்டன்மீது ஜெர்மனி குண்டு போட்டபோது மக்கள் பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் திடீரென இறந்தார்கள். கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அந்த உடல்களை ஆராய்ந்து, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருப்பதைக் கண்டு எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்தியதும், இரவு முழுதும் அசையாததும் காரணம் என்றார். என் மாணவருக்கு வந்தது அதே நோய். குண்டு மட்டும்தான் இல்லை.

1953-ல் வந்தது புகழ்பெற்ற பஸ் ஆய்வு. ஜெர்ரி மோரிஸ் என்பவரும் கூட்டாளிகளும் லண்டனின் மாடி பஸ் ஊழியர்கள் உட்பட சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளுக்கு ஏறக்குறைய 600 படி ஏறுவார். ஒரே பஸ், ஒரே முதலாளி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பம். ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் சாவு குறைவு. 1956-ல் மோரிஸ் இன்னொரு வேலை செய்தார். இருதரப்புச் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். இளம் வயது டிரைவர்களுக்கே இடுப்பளவு கூடுதலாக இருந்தது. அப்படியானால் நாற்காலி மட்டும்தான் குற்றவாளியா, அந்த வேலைக்கு வந்த ஆளின் உடம்பே வேறா என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகிப்பவன்தான் நல்ல ஆய்வாளன். வகுப்பில் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

எனக்கு மிகவும் நெருக்கமானது மூன்றாவது ஆய்வு. ஏனென்றால் அது துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியது. ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற மருத்துவர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் 6,351 தொழிலாளர்களை 1951 முதல் 1972 வரை, 22 வருடம் பின்தொடர்ந்தார். 1975-ல் முடிவை வெளியிட்டார். கடுமையாக உழைத்த பிரிவில் இதய நோய்ச் சாவு, லேசான வேலை செய்தவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான். கன்டெய்னர் வந்து அந்தத் துறைமுகத்தின் கடும் உழைப்பைக் குறைக்கத் தொடங்கியதும் அதே காலகட்டத்தில்தான்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ தாத்தா மாதிரி மூட்டை தூக்கினா போதும்" என்று சொல்லாதீர்கள். என் அப்பாவுக்கு இதயம் நன்றாகத்தான் இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் போய்விட்டது. வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறுவார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது. வேலையில் படும் கடும் உழைப்பு, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சியைப் போல உடம்புக்கு நன்மை தருவதில்லை என்று சமீப வருடங்களில் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. உழைப்பில் எடையையும் வேகத்தையும் ஓய்வையும் முடிவு செய்வது மேஸ்திரி. பயிற்சியில் அதை முடிவு செய்வது நீங்கள். 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. என் அப்பா காலத்தில் நூறு கிலோ மூட்டை சர்வசாதாரணம்.

இங்கேதான் என் குற்றம் வருகிறது. பயிற்சிக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாடும் அதே வேறுபாடுதான்.

நம் ஊரில் 1920-லேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்கள் வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில் 1928-ல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பு தொடங்கினார்கள். பள்ளியிலும் தொழிற்சாலையிலும் எல்லோரும் ஒன்றாக நின்று சில நிமிடம் செய்வார்கள். இன்றுவரை நடக்கிறது. அங்கே அது பழக்கம். நாம் என்ன செய்தோம்? டிரில் பீரியடைப் பிடுங்கிக் கணக்கு எடுத்தோம். மிச்சமிருந்த ஒரே பயிற்சியான தோப்புக்கரணத்தைத் தண்டனை ஆக்கினோம். உடம்பை அசைப்பது அவமானம் என்று நாங்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

1993. தண்ணீர்ப் பஞ்சம். அந்த மாணவன் அன்று முக்கால் மணி நேரம் தாமதம். காரணம் கேட்கவில்லை. வாசலிலேயே நூறு போடு என்றேன். அறுபதுக்கு மேல் அவன் கால் நடுங்கியது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தபோதும் படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் மண்டபத்தில்தான் கேட்டேன். "அன்னிக்கு ஏன்பா லேட்டு?"

"தண்ணி லாரி சார். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. பத்துக் குடம் நான்தான் தூக்கினேன்."

பத்துக் குடம் சுமந்து வந்த பையனிடம் நூறு தோப்புக்கரணம் வாங்கியிருக்கிறேன். பழக்கமில்லாத உடம்பில் திடீரென்று நூற்றுக்கணக்கில் போட வைத்தால் தசை நார் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையே பாதிக்கும் என்று இப்போது படித்தபோது கை நடுங்கியது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது ஆசிரியர் அறையில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி, அன்று தண்டனையாகக் கொடுத்ததை இன்று சரியாகக் கொடுக்க முயல்கிறேன். அலுவலகத்தில் செருப்பு, ஷூ, புடவை, பேன்ட் எதுவானாலும் செய்யலாம். வியர்க்காது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. பாதம் அசைத்தல். உட்கார்ந்தபடியே. குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தைத் தூக்குங்கள். பிறகு முன்பாதம் தரையில் இருக்கக் குதிகாலைத் தூக்குங்கள். மாற்றி மாற்றி 20 தரம். போன் பேசும்போதே செய்யலாம்.

2. குதிகால் உயர்த்தல். மேஜையை லேசாகப் பிடித்து நின்று, மெதுவாக முன்பாதத்தில் எழும்பி, மெதுவாக இறங்குங்கள். 10 முதல் 15 தரம். ஆடுசதை சுருங்கும்போது காலில் தேங்கிய ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. ரத்தக்குழாயில் உள்ள வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடுவதில்லை. அதனால்தான் ஆடுசதையை இரண்டாவது இதயம் என்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தால் அந்த இதயம் வேலை செய்யாது.

3. நாற்காலி எழுச்சி. இதுதான் நம் பஸ்கியின் அலுவலக வடிவம். சக்கர நாற்காலி என்றால் முதலில் சுவரோடு சேர்த்து வையுங்கள்; இல்லாவிட்டால் நாற்காலி ஓடும், நீங்கள் விழுவீர்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதத்தை இடுப்பகலம் வைத்து, சற்று முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. முதலில் 5, பழகப் பழக 10.

4. கால் நீட்டல். உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10. முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்றாவதை விட்டுவிட்டு இதிலிருந்து தொடங்கலாம்.

5. பக்கவாட்டிலும் பின்னாலும் கால் தூக்கல். மேஜையைப் பிடித்து நிமிர்ந்து நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் தூக்கி இறக்குங்கள், பிறகு பின்னால். உடம்பு சாயக் கூடாது. ஒவ்வொன்றும் 10. உட்கார்ந்து உட்கார்ந்து தூங்கிப்போன இடுப்புத் தசைக்கு இது.

6. சுவர் இருக்கை. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தைச் சற்று முன்னால் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஸ்டூலில் அரைகுறையாக உட்கார்வது போலச் சறுக்கி நில்லுங்கள். 10 வினாடி போதும். பழகிய பிறகு கூட்டலாம்.

ஆறையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து ஏதாவது இரண்டு. இடையில் தண்ணீர் பாட்டிலைத் தூரத்தில் வையுங்கள், லிஃப்ட்டை ஒரு மாடிக்கு மறந்துவிடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். வலித்தால் நிறுத்துங்கள். மூட்டுத் தேய்மானம், ரத்த அழுத்தம், கர்ப்பம், அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. இந்த ஆறு அதற்கு ஈடாகாது. நடையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறேன். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால், சூடாக இருந்தால், ஆடுசதை வலித்தால் தைலம் தேய்க்காதீர்கள், பயிற்சியும் செய்யாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம், 108.

அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. சித்தப்பா, அத்தை, எல்லோரும் கேளுங்கள். ரிக்லி, ஜோன்ஸ் என்ற இருவர் 1999-ல் முதியோருக்காக ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். கையை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தரம் முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 65 முதல் 69 வயதுக்குள் ஆணுக்கு 12-க்குக் கீழும் பெண்ணுக்கு 11-க்குக் கீழும் போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு முன் என் மருமகள் ஸ்டாப்வாட்ச் பிடித்தபோது எனக்கு 9 வந்தது. முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் நின்றவனுக்கு 9! அன்றிலிருந்து காலையில் பேப்பர் வரும்வரை நாற்காலியோடுதான். போன ஞாயிறு 13.

கடைசியாக அந்த மாணவருக்கு.

தம்பி, மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நீ தோப்புக்கரணம் போட்டாய். எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாக்கு எழவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும் இடத்தில் கேட்கிறேன். அன்று நான் காரணம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு. நூறு போடச் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. என்னை மன்னித்துவிடு.

உன் மகள்கள் இரண்டு பேரிடமும் சொல்லு: அப்பா நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் போன் போட்டுத் திட்ட வேண்டும், இது தாத்தா வாத்தியாரின் உத்தரவு என்று. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பத்துத்தரம் எழுந்து உட்காரப் போகிறேன். நீயும் உன் ஆபீஸில் அதே நேரத்தில் பத்து போடு. இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து போடுவோம். காதைப் பிடிக்க வேண்டியது நான் மட்டும்தான்.

மற்றவர்கள் கமெண்டில் "சூப்பர் சார்" என்று மட்டும் போடாமல், எழுந்து நின்று பத்து தரம் குதிகால் உயர்த்திவிட்டு வந்து போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
ராயபுரம்.